மம்பட்டிக்கு ஒரு ஆணி

“மங்களம், அந்த ரூமுக்குள்ள போறவங்கள உசுரோட திரும்பி வரச் சொல்லு. உள்ள பாம்பு கல்யாணம் கட்டிக் குடும்பம் நடத்துது.”

துரைராசு இதைத் தன் மனைவி மங்களாம்பிகையிடம் சொன்னார். மங்களாம்பிகை அப்போது அடுப்படியில் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்ததா என்பது அவருக்கு முக்கியமில்லை. சொல் போய்ச் சேரவேண்டிய ஆள் கொல்லையில் விளக்குமாற்றோடு நின்றிருந்தாள். அவருடைய தம்பி இளஞ்செழியனின் மனைவி, குந்தவை.

தம்பி பெண்டாட்டியோடு மூத்தார் நேருக்கு நேர் பேசுவது அந்த வீட்டில் வழக்கமில்லை. குந்தவை கல்யாணமாகி வந்த நாளிலிருந்து துரைராசு அவளிடம் ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை. மனைவியிடம் பேசுவார். மனைவி இல்லையென்றால் மாட்டிடம் பேசுவார். மாடு மேயப் போயிருந்தால் சுவரிடம் பேசுவார். குந்தவையும் அதே வழியில் பதில் சொல்லப் பழகியிருந்தாள்.

“அக்கா, பாம்பு இருந்தா இருக்கட்டும்னு சொல்லுங்க. ரொம்ப நாளா வாடகை தராம இருக்கு. இன்னைக்குக் காலி பண்ணச் சொல்லப் போறேன்.”

அடுப்படியிலிருந்து மங்களாம்பிகை சிரிக்கும் சத்தம் கேட்டது. துரைராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையை ஒட்டிய ஊர் அது. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே வீடு. நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கியிருந்தார்கள். கொல்லைக் கடைசியில் இருந்த நெல்லறையை மட்டும் யாரும் பிரிக்கவில்லை. பெயர்தான் நெல்லறை. வயலிலேயே மிஷின் அறுத்து, வயலிலிருந்தே கொள்முதல் நிலையத்துக்கு நெல் போக ஆரம்பித்த பிறகு அங்கே நெல் வைப்பாரில்லை. அதற்குப் பதிலாக மற்ற எல்லாம் வந்து சேர்ந்தன. காம்பு போன மண்வெட்டி, காம்பு மட்டும் மிஞ்சிய மண்வெட்டி, எலி கடித்த சாக்கு, கிழிந்த தார்ப்பாய், எரிந்துபோன மோட்டார், பம்புசெட்டுக் குழாய்த் துண்டுகள், பாதி தீர்ந்து கல்லாக இறுகிப்போன உர மூட்டை, யாரோ கல்யாணத்துக்கு வாங்கிப் பிரிக்காமலே விட்ட கட்டில். அண்ணன் வருவார், கையிலிருப்பதை வாசற்படியில் நின்றபடியே உள்ளே எறிவார். தம்பி ஊரில் இருந்தவரை அவனும் அப்படித்தான். தேவைப்பட்டபோது கையைவிட்டுத் துழாவி, அகப்பட்டதை எடுத்துக்கொண்டு போவார்கள். அகப்படாவிட்டால் கடையில் புதிதாக வாங்குவார்கள். அதுவும் பிறகு அங்கேயே வந்து விழும்.

குந்தவையின் பயிர் கருகியது இந்த அறையால்தான்.

புருஷன் சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்குப் போன பிறகு தங்கள் பங்கு நிலத்தை அவளே பார்த்துவந்தாள். நன்றாகத்தான் பார்த்தாள். இந்தக் குறுவையில் இலைச்சுருட்டுப் புழு விழுந்தது. மருந்து வாங்கிவந்தாள். அறையில் மருந்தடிக்கும் டேங்க் இரண்டு. இரண்டும் ஒரே பச்சை, ஒரே கம்பெனி. ஒன்று பூச்சி மருந்துக்கு, மற்றது வரப்புப் புல்லைச் சுட்டெரிக்கும் களைக்கொல்லிக்கு. அவள் எப்போதும் பூச்சி மருந்து டேங்க்கை ஜன்னலோரம் வைப்பாள். அன்றும் ஜன்னலோரம் இருந்ததைத்தான் எடுத்தாள். அதன் வயிற்றில் களைக்கொல்லி மிச்சமிருந்தது. நாலைந்து நாளில் வயலின் நடுவில் பயிர் மஞ்சளாகி, பிறகு சாம்பல் நிறமாகி, தீப்பட்டதுபோல் நின்றது. ரோட்டை ஒட்டிய வயல். தஞ்சாவூர் பஸ்ஸில் போகிறவர்களெல்லாம் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஊர் என்ன சொல்லும் என்பது தெரிந்ததுதான். பொம்பளை விவசாயம் என்றது. துரைராசு அதைச் சொல்லவில்லை. குறுவை அறுப்பு முடிந்ததும் தம்பியிடம் போனில் பேசினார், அவ்வளவுதான். அன்று சாயங்காலம் இளஞ்செழியன் வீடியோவில் வந்தான். தலையில் மஞ்சள் தொப்பி, பின்னால் யாரோ தகரம் தட்டும் சத்தம்.

“அடுத்த போகம் தாளடிய அண்ணன் பாத்துக்கட்டும் குந்தவை. நீ ஏன் வெயில்ல காயிற?”

“நாத்து விட்டாச்சுங்க.”

“அந்த நாத்தையே அண்ணன் நட்டுக்குவாரு. விஜயதசமி நல்ல நாளு, அன்னைக்கு நம்ம வயல்ல டிராக்டர் எறக்கறேன்னாரு. நானும் சரின்னுட்டேன்.”

“என்னக் கேக்காமயா?”

“உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். வூட்டுல நிம்மதியா இரு.”

அவன் கெட்டவனில்லை. அவள் மேல் பிரியமும் உண்டு. அதனால்தான் அந்தச் சொல் அவளுக்கு அதிகம் வலித்தது.

“இங்க பாருங்க,” என்றாள். “இந்த ஊருக்கு வந்ததுலேருந்து நான் இளஞ்செழியன் பொண்டாட்டி. வயலப் பாக்க ஆரம்பிச்ச பொறகுதான் குந்தவை. ஆளுங்க வாசல்ல வந்து நின்னு, குந்தவையக்கா எப்ப நடவுன்னு கேக்கறாங்க. அத நான் யாருக்கும் குடுக்கறதா இல்ல.”

“பயிரக் கருக்கிட்டு இப்படிப் பேசினா எப்படி?”

அவன் போன் பண்ணும்போது அவளாகத் துண்டித்ததே இல்லை. அன்று துண்டித்தாள். பிறகு கொல்லைக்குப் போய் நெல்லறை வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். இருட்டில் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. கருகிய பயிரை இனி ஒன்றும் செய்வதற்கில்லை. ஆனால் அது கருகிய காரணம் கண்ணெதிரே கிடந்தது. அதற்கு விளக்குமாறு போதும் என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் காலை ராமாயியைக் கூப்பிட்டாள். நடவாள்களைத் திரட்டி வேலை வாங்கும் கொத்துக்காரி ராமாயி. வாயும் கையும் ஒன்றாக ஓடும். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“இத சுத்தம் பண்றதுக்கு நான் ஒரு வேலி நெலத்த நட்டுட்டுப் போயிடுவேன்.”

“அதையும் நடப்போறோம். மொதல்ல இது.”

“ஒங்க மூத்தாரு கத்தப்போறாரு.”

“மாட்டுக்கிட்டத்தானே கத்துவாரு. மாடு பாத்துக்கும்.”

எல்லாவற்றையும் கொல்லையில் கொண்டுவந்து பரப்பினார்கள். மாட்டுக் கொட்டகை வரை நீண்டது. பாம்பு இல்லை, அதன் சட்டை மட்டும் கிடந்தது. ராமாயி அதைக் குச்சியால் தூக்கிக் காட்டி, “துணிமணிய வுட்டுட்டு ஊருக்குப் போயிருக்கு, திரும்பி வரும்,” என்றாள். எலிக்குஞ்சுகள் சாக்குக்குள் இருந்தன. குந்தவை அவற்றை முறத்தில் அள்ளி வைக்கோற்போரின் ஓரத்தில் விட்டாள். ராமாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

“நாளைக்கு அதுவே ஒங்க நாத்தக் கடிக்கும்.”

“கடிக்கறப்ப பாத்துக்கலாம். இன்னும் கண்ணே தெறக்கல.”

மதியம் வெயில் உச்சிக்கு வந்தபோது பழைய சோற்றில் மோர் ஊற்றி, சுண்டின வத்தக்குழம்பைத் தொட்டுக்கொண்டு இருவரும் வேப்பமர நிழலில் சாப்பிட்டார்கள். மங்களாம்பிகை தன் பங்குக்கு ஒரு கிண்ணத்தில் கீரை கொண்டுவந்து வைத்துவிட்டு, அங்கேயே நின்றாள்.

பழைய இரும்பு எடுக்கும் சித்தீக் சாயங்காலம் வண்டியோடு வந்தார். எரிந்த மோட்டாரும் துருப்பிடித்த குழாய்களும் ஏறின. வண்டி தெருமுனை வரை போனது; பிறகு நின்றது. சித்தீக் இறங்கி நடந்து வந்தார். உள்ளங்கையில் பித்தளை நாசில் ஒன்று, மருந்தடிக்கும் டேங்க்கின் முனையில் மாட்டுவது.

“குழாய்க்குள்ள சிக்கியிருந்துச்சு தங்கச்சி. பழசுன்னாலும் நல்ல பித்தளை. இப்ப வர்றதெல்லாம் பிளாஸ்டிக். வச்சுக்க.”

“எடைக்குப் போட்டது ஒங்களதுதானேண்ணே.”

“நீ போட்டது இரும்பு. இது பித்தளை. இரும்பு வெலைக்குப் பித்தளையக் கொண்டுபோனா ராத்திரி எனக்குத் தூக்கம் வராது.” அப்படியே அறைக்குள் எட்டிப் பார்த்தார். “சுவத்துல ஆணி அடிக்கப்போறியா? பெரிய ஆணியா எங்கிட்ட கெடக்கு. நாளைக்கு வர்றப்ப தர்றேன்.”

சொன்னபடி கொண்டுவந்தார். பழைய மாட்டுவண்டியிலிருந்து கழற்றிய கனத்த ஆணிகள்.

சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக் காய்ந்த பிறகுதான் எதை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது. அவர்கள் வீட்டுச் சாமான் ஒரு பக்கம், நம்முடையது ஒரு பக்கம் என்று பிரித்துவிடலாம் என்றாள் ராமாயி. குந்தவை வேண்டாமென்றாள்.

“வயல்ல வேலை எந்த வரிசையில வருதோ அந்த வரிசையில மாட்டுவோம். கதவுக்கிட்ட மொத ஆணி மம்பட்டிக்கு. மழைன்னா ஓடிவந்து எடுக்கறது அதத்தான். அடுத்தது கடப்பாரை. அதுக்கு அந்தாண்ட விதைக்கு ஊற வைக்கிற சாக்கு, சமன் பண்ற பலகை. பொறவு நடவுக் கயிறு. பொறவு டேங்க். கடைசிச் சுவத்துல அரிவாளு, தார்ப்பாய், முறம். கண்ணமூடிக்கிட்டு வந்தாலும் கை போவணும்.”

“ஒங்க மூத்தாரு சாமானும் இதுலயேவா?”

“மண்ணு ஒண்ணுதானே. மம்பட்டி மட்டும் என்னத்துக்கு ரெண்டு வூடு?”

இரண்டு டேங்க்கையும் அவளே சோப்புத்தூள் போட்டுக் கழுவினாள். களைக்கொல்லி டேங்க்கின் கைப்பிடியில் பழைய சிவப்புப் புடவையிலிருந்து கிழித்த துணியைச் சுற்றிக் கட்டி, அதை மேலே தனியாக ஓர் ஆணியில் மாட்டினாள். இன்னொன்றுக்குச் சித்தீக் தந்த பித்தளை நாசிலைப் பொருத்தி ஜன்னலோரம் வைத்தாள். ராமாயி வீட்டுக்குப் போயிருந்தாள். மங்களாம்பிகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் சிவப்புத் துணியிலேயே இருந்தது.

“குந்தவை, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லுங்கக்கா.”

“அன்னைக்கு ஒன் டேங்க எடுத்தது இவருதான்டி. களைக்கொல்லி டேங்க் இந்தக் குப்பைக்குள்ள அகப்படலன்னு உன்னத எடுத்து வரப்புக்கு அடிச்சிட்டு, கழுவாம அப்படியே ஜன்னல்கிட்ட வச்சிட்டாரு. ஒன் பயிரு கருகினப்பதான் அவருக்கே ஒறச்சுது. அன்னைக்கு ராத்திரி சாப்புடல.”

குந்தவை துணியின் முடிச்சை இறுக்கிக்கொண்டே இருந்தாள்.

“தெரியும்க்கா.”

“தெரியுமா?”

“பெல்ட்ட என் அளவுக்குத்தான் வச்சிருந்தேன், அது அவரு தோளு அளவுக்கு நீட்டி வுட்டிருந்துச்சு. அடிச்சு முடிச்சப் பொறவுதான் அதக் கவனிச்சேன்.”

“அப்ப ஏன்டி வாயத் தெறக்கல? ஊரே உன்னச் சொல்லுச்சே. ஒன் புருசங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல.”

“நானும் மோந்து பாக்காமதானே தண்ணிய ஊத்தினேன். பாதி என்னது. மீதிய அவரு சொல்லணும், நான் பிடுங்கக் கூடாது. ஆனா ஒண்ணுக்கா. நான் சொல்லலங்கறதால வயல வுட்டுடுவேன்னு அவரு நெனச்சா, அது நடக்காது.”

ஆயுத பூசையன்று காலை அடுத்த தகராறு. அந்த வீட்டில் வழக்கம், எல்லா ஆயுதங்களையும் வாசலுக்குக் கொண்டுவந்து வரிசையாகக் கிடத்திப் பூசை போடுவது. பூசை முடிந்தால் மறுநாள் விஜயதசமி மறுபூசை வரை ஒன்றையும் தொடக் கூடாது. குந்தவை எதையும் இறக்கவில்லை. இருந்த இடத்திலேயே ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். தரையில் கோலம் போட்டு, மஞ்சள் பிள்ளையார் பிடித்து, இலையில் பொரிகடலை, சுண்டல், சர்க்கரைப் பொங்கல் படைத்தாள்.

துரைராசு குளித்து விபூதி பூசிக்கொண்டு வந்தவர் கொட்டகையில் நின்ற மாட்டிடம் போனார்.

“லெச்சுமி, கேட்டியா? இந்த வூட்டுல இனிமே சாமி ஆணியில தொங்குமாம்.”

“லெச்சுமி,” என்றாள் குந்தவை உள்ளேயிருந்து, “தூணுலயும் துரும்புலயும் இருக்கற சாமி ஆணியில மட்டும் இருக்க மாட்டேங்குமான்னு கேளு.”

லட்சுமி வைக்கோலை இழுத்துக்கொண்டிருந்தது. துரைராசு முனகியபடி அறைக்குள் வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வெள்ளைச் சுவரில் சாமான்கள் வரிசையாக நின்றன. அவர் தேடித் தேடிக் கிடைக்காமல் மறந்துபோன கடப்பாரை இருந்தது. அவருடைய அப்பா பிடித்த அரிவாள் துருவெடுத்துத் தீட்டப்பட்டுத் தொங்கியது. கண் மெல்லச் சுவரோடு நகர்ந்து டேங்க்குகளிடம் வந்தது. சிவப்புத் துணியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மங்களாம்பிகை கற்பூரத்தைக் காட்டியதும் கண்ணை மூடிக்கொண்டார்.

குந்தவை கும்பிட்டபோது சாமியிடம் ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை நாள் இருட்டில் கிடந்ததை எல்லாம் வெளிச்சத்தில் வைத்துவிட்டேன், பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னாள்.

வெளியே வந்ததும் துரைராசு பழையபடி ஆனார். “மங்களம், நாளைக்கு டிராக்டர் வரச் சொல்லியாச்சு. தம்பி சம்மதம் சொல்லியாச்சு. அப்பறம் ஒருத்தரும் பேசக் கூடாது.”

“அக்கா, வயலுக்குள்ள சக்கரம் எறங்கணும்னா மொதல்ல என்னத் தாண்டித்தான் எறங்கணும்னு சொல்லுங்க. நான் வரப்புல உக்காந்திருப்பேன்.” அவள் குரலை உயர்த்தவில்லை. பொங்கலை ஒரு தூக்கில் போட்டு, “இது ஒங்க வூட்டுக்கு. நெய் கொஞ்சம் தூக்கலா வுட்டிருக்கேன், அவருக்குப் பிடிக்கும்,” என்று மங்களாம்பிகையிடம் நீட்டினாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு மேற்கே கல்லணைப் பக்கம் வானம் கறுத்தது. புரட்டாசிக் கடைசியில் இப்படி ஒரு மழையை யாரும் எதிர்பார்க்கவில்லை. முதலில் காற்று, பிறகு தடித்த துளிகள், பிறகு எதிர்வீடு தெரியவில்லை. ஒரு நாழிகைக்குள் தெருவில் தண்ணீர் ஓடியது.

குந்தவையின் நாற்றங்கால் வீட்டுக்குப் பக்கத்தில் மேட்டில் இருந்தது, கவலையில்லை. துரைராசுவின் நாற்றங்கால் ரோட்டடி வயலில், குந்தவையின் வயலுக்கு மேல்புறம். அதன் மடை பாசன வாய்க்காலில் திறக்கும். வாய்க்கால் முட்ட ஓடினால் தண்ணீர் வெளியே போகாது, உள்ளேதான் வரும். அந்தப் பக்கத்தில் தண்ணீர் வடிய ஒரே வழி, இடையில் இருக்கும் வரப்பை வெட்டி, பள்ளமான குந்தவையின் வயல் வழியாக வடிகாலுக்கு விடுவதுதான். அந்த வயலில் அவள் தாளடிக்காக எரு பரப்பி வைத்திருந்தாள். ராமாயியும் அவளுமாகத் தலைச்சுமையாகச் சுமந்த எரு.

பொழுது சாய ஆரம்பித்தபோது மங்களாம்பிகை முக்காடு சொட்டச் சொட்டக் கொல்லை வழியாக வந்தாள்.

“நாத்து முழுகிக்கிட்டிருக்குடி. இப்பதான் மூணெல வுட்ட நாத்து. அவரு வெறுங்கையால சேத்த வாரி மடைய அடைக்கிறாரு. அள்ளி வைக்க வைக்கக் கரையுது. ஒரு வூட்டுலயும் மம்பட்டி கேக்க முடியாது, எல்லாம் பூசையில இருக்கு. அப்படியே குடுத்தாலும் இவரு தொட மாட்டாரு.”

“வரப்ப வெட்டிவுட்டா வடிஞ்சிடுமே.”

“ஒன் வயலுல்ல அது. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேப்பாரு?”

குந்தவை நெல்லறைக் கதவைத் திறந்தாள். விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கதவுப் பக்கம் முதல் ஆணி. கையை நீட்டினால் போதும்.

“அடியே, தொடாதடி,” என்றாள் மங்களாம்பிகை. “விடிஞ்சு மறுபூசை ஆவட்டும்.”

“விடிஞ்சா நாத்து இருக்காதுக்கா.”

“சாமி குத்தம் ஆயிடும்டி. ஒன் புருசன் கடல் கடந்து இருக்கான்.”

அந்தச் சொல்லுக்கு அவள் கை ஒரு கணம் நின்றது. மஞ்சள் பிள்ளையாரைப் பார்த்தாள். மண்டியிட்டுத் தரையில் நெற்றியை வைத்து எழுந்தாள்.

“சந்தனம் வச்சுக் கும்பிட்டது இது நல்லா வேலை செய்யணும்னுதானே. வேலை வாசல்ல வந்து நிக்கிறப்ப ஆணியில தொங்கவிட்டா, அதுதான் குத்தம். அப்படியும் குத்தம்னா சாமி அத என் பேர்ல வச்சுக்கட்டும். நாத்து பேர்ல வேண்டாம்.”

மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். சந்தனம் கரைந்து அவள் கழுத்தில் வழிந்தது.

துரைராசு மடையில் முழங்காலிட்டிருந்தார். முழங்கை வரை சேறு. ஒரு தென்னை மட்டையைக் குறுக்கே வைத்து அதன்மேல் மண்ணை அப்பிக்கொண்டிருந்தார். நாற்றின் நுனிகள் மட்டும் தண்ணீருக்கு மேல் ஊசி ஊசியாகத் தெரிந்தன. நிமிர்ந்தவர் மண்வெட்டியைப் பார்த்தார். பேச அங்கே மனைவியும் இல்லை, மாடும் இல்லை, சுவரும் இல்லை. அவர் மழையைப் பார்த்துச் சொன்னார்.

“பூசையில வச்சத எடுத்துக்கிட்டு வந்து நிக்கிறாங்க. நான் அதத் தொட மாட்டேன்.”

“யாரும் தொட வேண்டாம்,” என்றாள் குந்தவை, அவளும் மழையிடமே. “என் வரப்பு. நான் வெட்டறேன்.”

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பின்மேல் நின்று ஓங்கிப் போட்டாள். நனைந்த மண் கட்டியாகப் பெயர்ந்தது. நாலைந்து வெட்டில் தண்ணீர் வழியைக் கண்டுபிடித்துக்கொண்டது. சலசலவென்று அவள் வயலுக்குள் பாய்ந்து, பரப்பியிருந்த எருவைக் கறுப்பாகச் சுருட்டிக்கொண்டு ஓடியது. துரைராசு எழுந்து நின்றார்.

“அந்த எரு...” என்றார்.

வரப்பில் வெட்டிய ஒரு வாய் போதவில்லை. அடுத்ததை வெட்டப்போன குந்தவைக்குக் கால் வழுக்கிற்று. மண்வெட்டியை ஊன்றி நின்றாள். மூச்சு வாங்கியது. அவர் வரப்பு வழியாகக் கிட்டே வந்தார். கையை நீட்டினார். அவள் மண்வெட்டியைக் கொடுத்தாள். வாங்கியதும் அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு வெட்ட ஆரம்பித்தார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு மழை தூறலாயிற்று. நாற்றில் பாதி உயரம் வெளியே தெரிந்தது. குந்தவை ஈரத் தலையோடு வீட்டுக்குத் திரும்பினாள். மண்வெட்டி அவரிடமே இருந்தது.

விடிந்தபோது வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. தெருவில் டிராக்டர் சத்தம் கேட்டது. குந்தவை ஓடிப்போகவில்லை, முகம் கழுவி, பொட்டு வைத்து, தலையை முடிந்துகொண்டு வாசலுக்கு வந்து நடுத்தெருவில் நின்றாள். டிராக்டர் ஓட்டிவந்த சூர்யபிரகாஷ் பக்கத்து ஊர்ப் பையன், பட்டப்படிப்பு முடித்தவன். பிரேக் போட்டு எட்டிப் பார்த்தான்.

“என்னக்கா, குறுக்க நிக்கிறீங்க?”

“என் வயலுக்குத்தானே வந்திருக்க?”

“ஆமா. பெரியவரு சொன்னாரு.”

“அங்க எரு பூரா ஒரு மூலையில ஒதுங்கிக் கெடக்கு. அத வாரிப் பரப்பணும். பரப்பிட்டு நான் கூப்புடறேன், அப்ப வா.”

“பெரியவரு இன்னைக்கே முடிக்கணும்னாரேக்கா. நான் யாரு பேச்சக் கேக்கறது?”

“வயல் யாரதோ அவங்க பேச்ச.”

அவன் தலையைச் சொறிந்தான். அண்டை வீட்டு வாசல்களில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்த நேரத்தில் துரைராசு தெருமுனையில் வந்தார். வாய்க்காலில் குளித்துவிட்டு வருகிறார், ஈர வேட்டி. கையில் மண்வெட்டி. வைக்கோலால் தேய்த்துக் கழுவியிருந்தார், அதன் இரும்பு இலை பளபளத்தது. சூர்யபிரகாஷ் அவரைப் பார்த்ததும் “பெரியப்பா, இவங்க...” என்று ஆரம்பித்தான். அவர் நிற்கவில்லை. டிராக்டரைத் தாண்டி, குந்தவையைத் தாண்டி, சந்து வழியாகக் கொல்லைக்குப் போனார்.

குந்தவை பின்னாலேயே போனாள். நெல்லறையில் மங்களாம்பிகை மறுபூசைக்கு விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள். துரைராசு வாசற்படியில் நின்றார். பழக்கத்தில் மண்வெட்டியைக் கதவு மூலையில் சாத்தினார். சாத்திவிட்டு ஒரு அடி வைத்தவர் திரும்பி அதை மறுபடியும் கையில் எடுத்தார். சுவரைப் பார்த்தார். இரண்டு மண்வெட்டிக்கும் கடப்பாரைக்குமாகக் கதவோரம் ஆணிகள் இருந்தன. இரண்டு ஆணிகள் வெறுமையாக இருந்தன. பக்கத்திலேயே அவர் மனைவி நின்றாள். கொட்டகையில் லட்சுமி நின்றது. எதிரே சுவர் இருந்தது. அவர் மூன்றையும் விட்டுவிட்டுத் திரும்பினார்.

“குந்தவை, இது எந்த ஆணி?”

மங்களாம்பிகையின் கையில் எண்ணெய்க் கிண்ணம் அப்படியே நின்றது. அவளுடைய புருஷன் வாயிலிருந்து அந்தப் பெயரை அவள் கேட்டதில்லை. குந்தவை கையை நீட்டிக் காட்டினாள்.

“மொத ஆணி மாமா. கதவுக்கிட்ட.”

அவர் மாட்டினார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். கண் சிவப்புத் துணிப் பக்கம் போயிற்று.

“அந்தத் துணிய நான் கட்டியிருக்கணும்,” என்றார். “கழுவியாவது வச்சிருக்கணும். தம்பிக்கிட்ட நானே பேசறேன்.”

அதற்குமேல் அவரால் முடியவில்லை. அதுவே அந்த மனிதருக்குப் பெரிய தூரம். படியிறங்கி, தெருவுக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தார்.

“ஏப்பா சூர்யா, வயக்காரங்க வேண்டாம்னா வண்டியத் திருப்பு. கூப்புட்டு அனுப்புவாங்க.”

டிராக்டர் பின்வாங்கித் திரும்பும் சத்தம் கேட்டது. குந்தவை அறைக்குள் போனாள். அவர் அவசரத்தில் மண்வெட்டியைச் சற்றுக் கோணலாக மாட்டியிருந்தார். அதை நேராக்கினாள். கிண்ணத்திலிருந்த சந்தனத்தைத் தொட்டு, மழையில் கரைந்துபோன இடத்தில் மறுபடியும் வைத்தாள். பிறகு பக்கத்தில் வெறுமையாக இருந்த ஆணியைப் பார்த்தாள். அது துரைராசுவின் பழைய மண்வெட்டிக்கு என்று அடித்தது. அது அவர் வீட்டுப் புழக்கடையில் காம்பு ஒடிந்து எங்கோ கிடந்தது.

“அக்கா,” என்றாள், “அந்தப் பழைய மம்பட்டிக்கும் காம்பு போட்டு இன்னைக்கே கொண்டுவந்து மாட்டச் சொல்லுங்க.”

“நான் ஏன்டி சொல்லணும்?” என்றாள் மங்களாம்பிகை. “நீயே சொல்லு.”